ரிலீஸ் எப்போ?

விமானப்படையில் விமானம் ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அங்கிருந்து வெளியே வருவதுதான் வித்தை. எண்பதுகளின் தொடக்கத்தில் என்னோடு சரக்கு விமானம் ஓட்டியவர்கள் ஒவ்வொருவராகப் பயணிகள் விமானக் கம்பெனிக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். அப்படித் தாவ ஒரு காகிதம் வேண்டும். அதற்குப் பெயர் ரிலீஸ். அந்தக் காகிதத்துக்காக நாயாய் அலைந்த சகோதரர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

என்ன பயிர்?

கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னால் ரிலீஸ் கிடைக்காது. குடும்பக் கஷ்டம் என்றுதான் எழுத வேண்டும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, செந்துறையில் இருக்கும் நாலு ஏக்கர் மானாவாரியை நான்தான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவின் தலைவர் ஒரு பஞ்சாபி. காகிதத்தை ஒருமுறையும் என்னை இருமுறையும் பார்த்தார். என்ன பயிர் என்றார். நிலக்கடலை என்றேன். எந்த மாதம் விதைப்பீர்கள் என்றார்.

பத்து வயதிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவனுக்கு என்ன தெரியும்? பொங்கல் லீவில் வீட்டில் கடலை தின்ற ஞாபகம் வந்தது. "ஜனவரி" என்று அடித்துவிட்டேன். அவருடைய அப்பா விவசாயி என்பது எனக்குத் தெரியாது. விண்ணப்பம் மேஜை டிராயருக்குள் போயிற்று. அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் பாஷையில் தருகிறேன்: "மழை இல்லாத மாசத்துல மானாவாரி விதைக்கிறவனை நான் அனுப்பி வெச்சா, உங்கப்பா என்னைச் சும்மா விடமாட்டார்."

ஒரு போஸ்ட் கார்டு

இது முழுக்க என் தப்பு. அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன். 'ரிலீஸ் கேட்டிருக்கிறேன். பெரிய அதிகாரி மனது வைத்தால் ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடுவேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்.' கார்டில் எழுதிவிட்டு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றால்? தபால்காரர் படித்தார். அவர் தயவில் கடைத்தெருவே படித்தது.

அடுத்த மாதம் லீவில் வந்தேன். அரியலூரில் ரயிலை விட்டு, பஸ் பிடித்து, செந்துறையில் இறங்கினேன். தலையில் ஒட்ட வெட்டிய பட்டாளத்துக் கிராப்பு. நான் உள்ளே நுழைந்ததும் டீக்கடையில் பேச்சு நின்றது. ஒருவர் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கடைக்கார மாணிக்கம் மட்டும் சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டு, டம்ளரை என் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பரோல்லயா தம்பி வந்துருக்கீங்க?"

பெரம்பலூரில் பெண் பார்த்தது

அதே லீவில் அப்பா என்னைப் பெரம்பலூருக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். பெண் ஸ்டெல்லா, பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுடைய அப்பா ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டையரானவர். பார்த்த காகிதத்தையெல்லாம் போலி என்று நினைத்தே காலம் தள்ளியவர். என் அடையாள அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ ஒங்களதுதான்" என்றார், மனசே இல்லாமல்.

பென்ஷன் உள்ள சர்க்கார் வேலையை எவனாவது தானாக விடுவானா என்பது அவருடைய சந்தேகம். நானாக விடுகிறேனா, விரட்டுகிறார்களா? கார்டு சமாசாரம் வேறு அவர் காது வரை வந்திருந்தது. ஸ்டெல்லா கதவோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த மனிதர் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. "ரிலீஸ் ஆர்டரக் கொண்டாங்க தம்பி, மத்ததப் பேசுவோம். ஒரிஜினல். நகல் வேணாம்."

தங்கச்சி கல்யாணம்

லீவு முடிந்து போன கொஞ்ச நாளில் பம்பாயிலிருந்து கம்பெனி இன்டர்வியூ வந்தது. தங்கச்சிக்குக் கல்யாணம் என்று சொல்லி மூன்று நாள் லீவு வாங்கினேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது.

அங்கே பெஞ்சில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தான் என் பக்கத்து அறை சுந்தரம். அவனும் முந்தின நாள்தான் தங்கச்சி கல்யாணம் என்று கிளம்பியிருந்தான். ஆறு வருஷமாக ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். ஒருவரிடம் ஒருவர் மூச்சு விடவில்லை. எவன் மேலிடத்தில் போட்டுக் கொடுப்பான் என்று யாருக்குத் தெரியும்? இருவரும் தேறினோம். இரண்டு மாதத்துக்குள் ரிலீஸ் ஆர்டருடன் வர வேண்டும், தவறினால் வேறு ஆள் என்றார்கள். அடுத்த முறை என்பது எனக்கு இல்லை. வயது வரம்பு தாண்டிவிடும். சுந்தரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதில் கேட்டான்: "முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சுதா?"

மறுபடியும் கடலை

அப்பாவுக்கு எழுதினேன். இந்தத் தடவை கவரில். பதிலாக மூன்று பக்கம் வந்தது. ஆடிப் பட்டத்தில் விதைப்பு, இரண்டு களை, பூ விட்டதும் மண் அணைப்பது, ஐப்பசியில் பிடுங்குவது. லைசென்ஸ் பரீட்சைக்குக்கூட நான் அப்படி உருப்போட்டதில்லை. தலைவர் முன் போய் நின்று நிறுத்தாமல் ஒப்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். டிராயரைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்துச் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சல்யூட் அடித்துத் திரும்பினபோது முதுகுக்குப் பின்னால் கேட்டது: "கம்பெனி விமானத்துல கடலை பாக்கெட்டுல வரும். பிடுங்க வேண்டியதில்லை."

நடத்தை

கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது ஆர்டர் வந்தது. வாங்கியபோது அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. நேரே பெரம்பலூர் போனேன். ஹெட்கிளார்க் முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "ஆர்டர் செரிதான்" என்றார். உள்ளே ஸ்டெல்லா இருமினாள்.

அந்தக் காகிதத்தில் 'நடத்தை: மிக நன்று' என்று ஒரு வரி இருந்தது. அப்பா பெருமை தாங்காமல் அதை டீக்கடைக்கு எடுத்துப் போய்ப் படித்துக் காட்டிவிட்டார். மாணிக்கம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாராம்: "அதான பாத்தேன். நல்ல நடத்தைன்னுதான் முன்னாடியே விட்டுட்டாங்க."

சோப்பு

கல்யாணம் ஆயிற்று, கம்பெனி வேலையும் ஆயிற்று. மாதத்தில் பத்து நாள் வீடு, மிச்ச நாள் டெல்லி, கல்கத்தா ஓட்டல்கள். ஒவ்வொரு ஓட்டலிலிருந்தும் சின்னச் சோப்பு ஒன்று கொண்டுவருவேன். ஸ்டெல்லா அவள் அப்பாவுக்குப் பெண் இல்லையா? அவற்றை ஜன்னலில் வரிசையாக வைத்து, என் டூட்டிச் சீட்டைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் சந்தேகம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எல்லாம் சரிங்க. இந்தக் கம்பெனிலேருந்து ஒங்களுக்கு ரிலீஸ் எப்போ?"

இத்தனை வருஷத்தில் நான் எங்கே இருந்தேன் என்பதைச் சந்தேகமில்லாமல் கண்டுபிடித்தவர், அன்றே பரோலா என்று கேட்ட டீக்கடை மாணிக்கம் ஒருவர்தான்.