சால்வைக்காரனைக் கீறியவர்

எங்கள் படக்கதை வீரனுக்கு முதலில் ஸ்வெற்றர் கிடையாது. தோளில் பறக்கும் சால்வை, வேட்டி, அவ்வளவுதான். நான்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன். படம் வரைகிற அண்ணை தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிருக்க வெறும் மேலோட பறந்தானெண்டால் ஸ்ட்ரெதம் தாண்டமாட்டான். விறைச்சு விழுந்திடுவான்" என்றார். அன்றைக்கே அவனுக்குக் கழுத்து மூடிய ஸ்வெற்றர் ஒன்று வந்துவிட்டது; முகத்துக்கு அண்ணையே ஒரு முகமூடியும் போட்டுவிட்டார்.

அண்ணை என்பது உறவு முறையல்ல. தஞ்சம் கேட்டு வந்த குளிர் நாட்டில், ஸ்ட்ரெதம் என்ற இடத்தில், ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் குடியிருந்தோம். இருவருக்கும் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் தெருவில் சந்தித்தால் "சாப்பிட்டியளோ" என்று கேட்கமாட்டார்கள். "கேஸ் என்ன மாதிரி?" என்றுதான் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "இழுபடுது."

அண்ணைக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். அங்கே மிஞ்சும் தாள்களின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் வரைவார். கதை என்னுடையது. போட்டோக்கொப்பி எடுத்துக் கோயில் வாசலில் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். சால்வைக்காரன் என்ற பெயரை வைத்ததே அந்தப் பிள்ளைகள்தான். பழுதாகி நின்ற லிப்டை ஆட்களோடு தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் பறப்பான். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிடுவான்.

அண்ணையிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. வயதானவர் ஒருவருக்கு முன்னால் வந்து இறங்கினால், வீரன் முதலில் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டவேண்டும். சாமிக்கு முன்னாலும் பெரியவர்களுக்கு முன்னாலும் நாங்கள் செய்வது போல.

"பின்னால வில்லன் வாறான் அண்ணை. இதுக்கெங்க நேரம்?"

"வில்லனும் எங்கட ஆள்தானே. கட்டி முடிக்குமட்டும் நிப்பான்."

நிற்கவும் செய்தான். ஒவ்வொரு இதழிலும் ஒரு கட்டம் அதற்கே போய்விடும்.

அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கும். தன் பெயரைப் போட அண்ணை விடவில்லை. "கேஸ் முடியட்டும்" என்பார். கேஸ் முடிந்தது. இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அவர் நகரத்தின் மறுபக்கத்தில் குட்மேய்ஸுக்கும் நான் பக்கத்தில் நோர்பரிக்கும் குடிபோனோம். இதழ் தன்பாட்டில் நின்றுபோனது. அவர் பெயர் மட்டும் வரவேயில்லை.

இந்த வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடம் அந்த இதழ்களைச் சேர்த்துப் புத்தகமாகப் போட முடிவு செய்தது. பொறுப்பெடுத்த ஆசிரியை, கோயில் வாசலில் எங்களிடம் இதழ் வாங்கிய பிள்ளைகளில் ஒருத்தி. போனில் கேட்டாள்: "அங்கிள், கவர்ல உங்கட நேம் மட்டும்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. கதை என்ன கதை, அதை வேறு எவரும் எழுதியிருக்கலாம். அந்த உருவமும் நடையும் அண்ணையுடையவை. எழுபதைக் கடந்துவிட்டார். இதில் வராவிட்டால் அவர் பெயர் இனி எதில் வரும்?

என்னைப் பள்ளிக்கூடம் பாதியில் கைவிட்டது, நூலகம் கைவிடவில்லை. அமெரிக்காவில் முதன்முதல் பறக்கும் வீரர்களையும் முகமூடி வீரர்களையும் உருவாக்கியவர்களைப் பற்றி நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் எடுத்துவந்திருந்தேன். அவர்களில் பலர் கப்பலேறிப் பிழைக்க வந்த ஏழைகளின் பிள்ளைகள். வேலை கிடைக்கவேண்டுமே என்று சொந்தப் பெயரைச் சுருக்கியவர்களும் மாற்றியவர்களும் உண்டு. சர்க்கஸ் பலசாலியின் உடுப்பைப் பார்த்து வீரனுக்கு உடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். வீரனின் பெயர் ஊரெல்லாம் பரவியபோதும், படம் கீறியவன் பெயர் பலகாலம் அச்சில் இல்லை. வாசிக்க வாசிக்க எனக்கு அண்ணையின் முகம்தான் வந்தது.

புத்தகத்தையும் ஆசிரியை அனுப்பிய அட்டைப் படத்தையும் பையில் வைத்துக்கொண்டு குட்மேய்ஸுக்கு ரெயிலேறினேன். தேத்தண்ணி குடித்தபடி வாசித்துக் காட்டினேன். ஆர்வமாய்க் கேட்டார்.

"பாவங்கள். அவையும் எங்களை மாதிரிக் கேஸ்காரரோ?" என்றார். பிறகு, "நான் எங்கட ஆளுக்கு ஏன் முகமூடி போட்டனான் எண்டு நினைச்சனீ?"

"அமெரிக்காக்காரர் போடுறபடியால்."

"விசரே உனக்கு? கேஸ் நடக்கிறவன் முகத்தைக் காட்டிக்கொண்டு பறப்பானோ?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு கேட்டுவிட்டேன்: "அப்ப இந்தமுறை பேரைப் போடுவமே அண்ணை?"

"வேண்டாமடாப்பா." சிரிப்பு நின்றுவிட்டது. "என்ர பேரை எங்கயாவது எழுதினால், இப்பவும் ஆரோ வந்து கதவைத் தட்டுவினம் போல கிடக்கு."

புத்தகத்தை மூடினேன். வந்ததற்கு அட்டையையாவது பார்க்கட்டும் என்று எடுத்து நீட்டினேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மாவுக்கு முன்னால் சால்வைக்காரன் வந்து நிற்கிற படம். அண்ணை கண்ணாடியைப் போட்டார். நெற்றி சுருங்கியது.

"ஆர் கீறினது இது?"

"உங்கட படம்தான். கம்ப்யூட்டரில கொஞ்சம் திருத்தியிருக்கினம்."

"அந்த மனிசிக்கு முன்னால தோளில சால்வையைப் பறக்கவிட்டுக்கொண்டு நிக்கிறான்! என்ர ஆள் இப்பிடி நிக்கமாட்டான்."

"உங்கட ஆளெண்டு ஆருக்குத் தெரியும்? அட்டையில என்ர பேரெல்லோ கிடக்கு. அந்த மரியாதை தெரியாதவன் நானெண்டு சனம் நினைக்கட்டும்."

என்னை ஒருமுறை முறைத்துப் பார்த்தார். பேனை கேட்டார். கோடு தடுமாறவில்லை. பறந்த சால்வையைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, இடுப்பில் புதிதாகக் கீறினார். முடிச்சுக்குத்தான் நேரம் எடுத்தது. முடிந்ததும் பேனையைத் திருப்பித் தரவில்லை. வாசல் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வீரனின் காலடியில், தகப்பன் பெயரோடு சேர்த்து, தன் முழுப் பெயரையும் எழுதினார்.

திரும்பும் ரெயிலில் அந்த அட்டையைப் படமெடுத்து ஆசிரியைக்கு அனுப்பிவிட்டுப் போன் எடுத்தேன். "பிள்ளை, கவரை மாத்தோணும். சால்வை இடுப்பிலதான்."

"ஐயோ அங்கிள், பறந்தாத்தானே ஹீரோ மாதிரி இருக்கும்!"

"அதை என்னட்டச் சொல்லாதை. கீறினவரிட்டச் சொல்லு. பேர் கீழ இருக்கு" என்றேன்.