குப்பைக்குப் போகாத பெயர்

ரொக்காயாவுக்குக் கோபம் வந்தால் காது மடல் இரண்டும் சிவந்துவிடும். பாசிர் மெண்டுங் கிராமத்தில் அவளிடம் மீன் உருண்டை வாங்க வருகிறவர்களுக்குக்கூட இது தெரியும். அந்தத் திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, கிளினிக்கின் மருந்து ஜன்னல் முன்னால், அவை பழுத்த மிளகாய் மாதிரி இருந்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹஸ்னிதா, போன வாரம் மாற்றலாகி வந்த மருந்தாளர். இந்தப் பக்கம் ரொக்காயா. அவளுக்குப் பக்கத்தில் கணவன் ஸுஹ்ரி, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு. நடுவே பலகையில் ஐந்து காலிக் குப்பிகள். ஒன்றிலும் பெயர்ச் சீட்டு இல்லை.

"லேபிள் எங்க மக்சிக்?" என்று அத்தை முறை வைத்துக் கேட்டாள் ஹஸ்னிதா.

"உரிச்சிட்டேன்."

"ஏன் உரிச்சீங்க?"

"மூணு வருஷமா உரிச்சுத்தான் தர்றேன். உங்களுக்கு முன்னாடி இங்க இருந்த மிஸ் ஓங்கைக் கேட்டுப் பாருங்க."

"மிஸ் ஓங் இப்ப இங்க இல்ல. லேபிள் இல்லாத பாட்டில வச்சுக்கிட்டு இது உங்க வீட்டுக்காரர் குடிச்சதுதான்னு நான் எப்படி நம்புறது? மருந்தை வெளியில வித்துட்டு, எங்கயோ பொறுக்கின பாட்டிலக் கொண்டுவந்து வச்சாலும் இப்படித்தான் இருக்கும்."

வித்துட்டு. அந்தச் சொல் வரிசையில் நின்ற இருபது பேர் காதிலும் விழுந்தது.

"இனிமே வீட்டுக்கு மருந்து கிடையாது. தினம் காலையில நேர்ல வந்து, என் கண்ணு முன்னாடி குடிச்சிட்டுப் போகட்டும்" என்று ஹஸ்னிதா முடித்துவிட்டாள்.

பகல் பதினோரு மணிக் கடல் ஏற்றத்தில் ஸுஹ்ரி வேலை பார்க்கும் மீன்பிடிப் படகு கிளம்புகிறது. ஐந்து நாள் கடலில். போதைத் தூளுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்து ஐந்து குப்பி கையில் இல்லாமல் அவன் ஏற முடியாது. ஏறினால் இரண்டாம் நாளே உடம்பு முறுக்கி, வாந்தியும் நடுக்கமுமாகச் சுருண்டு கிடப்பான். ஏறாவிட்டால் படகை நடத்தும் தண்டல் வான் இசா அடுத்த முறைக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகு அவன் படகுத்துறைப் பாலத்தடியில் போய் உட்காருவான். பாலத்தடியில் யார் இருக்கிறார்கள், என்ன வைத்திருக்கிறார்கள் என்று ரொக்காயாவுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்துதான் பன்னிரண்டு வருடம் அவனைத் தேடித் தேடி இழுத்து வந்தாள்.

பத்தொன்பது வயதில், அலுப்புத் தெரியாமல் வலை இழுக்கலாம் என்று படகில் எவனோ கொடுத்த வெள்ளைத் தூளில் தொடங்கிய பழக்கம் அது. கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாதுவான பையன் என்றார்கள். சாதுதான். அடுப்பிலிருந்த கேஸ் சிலிண்டரைக்கூடச் சத்தமில்லாமல்தான் கொண்டுபோய் விற்றான். மகள் பிறந்த அன்று அவன் லாக்கப்பில் இருந்தான். அரசாங்க மறுவாழ்வு மையத்தில் இரண்டு முறை அடைத்து வைத்தார்கள். இரண்டு முறையும் தலைமுடி வெட்டி, சதை போட்டு வெளியே வந்தான். இரண்டு முறையும் ஒரு வாரம் தாங்கவில்லை.

கடைசியில் இந்த மருந்துதான் அவனை நிமிர்த்தியது. சிவப்புச் சர்பத் மாதிரி ஒரு மடக்கு. அதற்கும் ஊர் சும்மா இருந்ததா? ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று பள்ளிவாசல் கமிட்டிக்காரர் தாடியைத் தடவினார். சிலிண்டர் போன அன்று இந்தத் தாடிகள் எல்லாம் எங்கே போயிருந்தன என்று ரொக்காயா வீட்டுக்குள் கத்தினாள். தெருவில் ஒருத்தி, "புருஷனுக்கு இன்னிக்கு சிரப் ஊட்டியாச்சா?" என்று கேட்டபோது, "ஊட்டியாச்சு. உன் புருஷனுக்கு ரெண்டாம் பொண்டாட்டி ஊட்டிட்டாளா?" என்று தெருவிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

நான்கு மணிக்கு எழுந்து மீனும் மாவும் பிசைவாள். எட்டு மணிக்கு அவனை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளினிக். நான்கு வருடம் ஒரு நாள் தவறவில்லை. அதற்குப் பிறகுதான், சிறுநீர்ப் பரிசோதனை தொடர்ந்து சுத்தமாக இருந்ததால், கடலுக்குப் போகும் நாட்களுக்கு மருந்தைக் கையில் கொடுத்தார்கள். பூட்டிய பெட்டி, சாவி தண்டலிடம், காலிக் குப்பிகள் திரும்பி வர வேண்டும், பொறுப்பு ரொக்காயா. கைநாட்டு வைக்காத குறையாக எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

குப்பியில் ஒட்டிய சீட்டைத்தான் அவளால் விட முடியவில்லை. கிளினிக்குக்கு வந்த முதல் மாதமே அவள் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் திருப்பித் தந்த குப்பிகளைத் துப்புரவுக்காரர் பெரிய தொட்டியில் கொட்டினார். ரத்தப் பஞ்சு, எச்சில் கோப்பை, அவற்றின் மேல் ஒரு சீட்டு நிமிர்ந்து கிடந்தது. முகமது. யாரோ ஒரு முகமது. அவள் கணவனும் முகமது ஸுஹ்ரி, அப்துல் கஃபார் மகன். தகப்பன் பெயரில் இறைவனின் பெயர், மகன் பெயரில் நபியின் பெயர். இரண்டும் அந்த ரத்தப் பஞ்சோடு போவதா? அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான், மருந்து வீட்டுக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து குப்பியை வெந்நீரில் போட்டு, சீட்டைக் கிழியாமல் உரித்து, காயவைத்து, பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தாள். முறையாக எரிக்கப் பள்ளிவாசலில் கொடுக்கலாம்தான். கொடுத்தால் தொழுகைக்கு அழைக்கும் பிலால் அதில் இருக்கும் மருந்துப் பெயரையும் படிப்பாரே!

மிஸ் ஓங் ஒருமுறை கேட்டாள். காரணம் சொன்னதும், "எங்க தாத்தாவும் எழுத்து இருக்குற தாளைக் கீழ போட மாட்டாரு" என்று சொல்லிவிட்டுக் குப்பியை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டாள். ஆனால் அதை எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கவில்லை.

இன்று ஹஸ்னிதாவிடம் அந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ரொக்காயா சொல்லவில்லை. சீனப் பெண்ணான மிஸ் ஓங்குக்குப் புரிந்தது, முக்காடு போட்ட இவளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா என்ற வீம்பு. வித்துட்டு என்ற சொல் வேறு அதைக் கெட்டியாக்கியது.

"பாங், நீங்க இங்கேயே நில்லுங்க. வரிசைய விட்டுடாதீங்க" என்று கணவனிடம் உறுமிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தாள். அவன் தலையாட்டினான். அந்த ஊமைத் தலையாட்டலுக்காக வீடு வரை அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.

திரும்பி வந்தபோது ஒன்பதரை. வரிசையை முட்டிக்கொண்டு போய், டின்னைத் திறந்து, மருந்து ஜன்னல் வழியாக அப்படியே உள்ளே கவிழ்த்தாள். மேசை முழுக்கச் சீட்டுகள். காய்ந்து சுருண்டவை, மஞ்சளானவை, நேற்றுக் காய்ந்தவை. ஒவ்வொன்றிலும் தேதி, அளவு, பெயர்.

"என்ன மக்சிக் இது?"

"நீங்க கேட்ட லேபிள். மூணு வருஷத்து லேபிள். போன அஞ்சு நாளுதும் அதுலயே கிடக்கு, உங்க நோட்டோட ஒத்துப் பாருங்க. பாத்துட்டு, உங்க கையாலயே எல்லாத்தையும் அந்தக் குப்பைத் தொட்டியில தள்ளுங்க."

ஹஸ்னிதா ஒரு சீட்டை எடுத்தாள். தேதியைப் பார்த்தாள். பிறகு பெயரைப் பார்த்தாள்.

"தள்ளுங்க மேடம்! சும்மா பேப்பர்தானே? நபி பேரு இருந்தா என்ன, கஃபார்னு இருந்தா என்ன? ரத்தப் பஞ்சு மேல போடுங்க. என்னால முடியல. அதான் உரிச்சேன். விக்கிறதுக்கு உரிக்கல."

ஹஸ்னிதா அந்தச் சீட்டைத் திரும்ப மேசையிலேயே வைத்தாள். பதிவேட்டைத் திறந்து ஐந்து தேதிகளையும் ஒத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் மேசைக்கு அடியிலிருந்த தொட்டியைப் பார்த்தாள். அன்று காலை அவளே போட்ட மற்றவர்களின் குப்பிகள் பெயர்ச் சீட்டோடு அதில் கிடந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

"எனக்குத் தோணவே இல்ல மக்சிக். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்ப நீங்களே வச்சுக்குங்க. 'வித்துட்டு'ன்னு இத்தன பேரு காதுல போட்டீங்களே, அத எப்படித் திரும்ப எடுப்பீங்க?"

ஹஸ்னிதா மருந்து அலமாரியைத் திறந்தாள். ஐந்து குப்பிகளை நிரப்பிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அன்றைய மருந்தைக் கோப்பையில் ஊற்றி ஸுஹ்ரியிடம் நீட்டினாள். அவன் குடித்தான். மேலே தண்ணீரும் குடித்தான்.

"பேசுங்க பக்சிக்" என்றாள் ஹஸ்னிதா, மாமா முறை வைத்து. வாயில் அடக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்கிறவர்கள் உண்டு என்பதால், குடித்தவர் எல்லோரும் ஏதாவது பேசிக் காட்ட வேண்டும். ஏழு வருடமாக ஸுஹ்ரி நன்றி என்று முணுமுணுப்பான், அவ்வளவுதான்.

இன்று அவன் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி வரிசையின் பக்கம் திரும்பினான்.

"நான் முகமது ஸுஹ்ரி. அப்துல் கஃபார் மகன். கேஸ் சிலிண்டர வித்திருக்கேன். பொண்டாட்டி வளையல வித்திருக்கேன். இந்த மருந்துல ஒரு சொட்டுகூட வித்ததில்ல."

குரல் கடைசி ஆள் வரை கேட்டது. வரிசையில் யாரோ, "தெரியும் அண்ணே" என்றார்கள்.

ரொக்காயா சீட்டுகளை ஒன்று விடாமல் அள்ளி டின்னில் போட்டு மூடினாள். வாசலுக்கு வரும்வரை பொறுத்தாள்.

"இந்த வாய எட்டேகாலுக்கே தொறந்திருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பீங்க? வீட்டுக்கும் இங்கேயுமா என்ன லோலோன்னு அலைய விட்டீங்களே!"

"அப்ப மருந்து குடிக்கலையே" என்றான் ஸுஹ்ரி.

அவள் அவனை முறைத்தாள். பிறகு டின்னை அவன் மடியில் திணித்து, "கெட்டியாப் பிடிங்க, படகு போயிடும்" என்று வண்டியைக் கிளப்பினாள்.