எல்லோரும் ஒத்துக்கொண்ட எண்

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில், காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறது. அதற்குப் பெயர் ஃபேலர்-டாஃபெல், பிழைப் பலகை. நான் சேர்ந்த மூன்றாம் நாள் அதில் பச்சை மையில் இப்படி எழுதியிருந்தது: ‘நேற்று ஒரு சீரம் பாட்டிலை இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜுக்கு வெளியே மறந்து வைத்துவிட்டேன். கொட்டிவிட்டேன். லோரென்ட்ஸ்.’ லோரென்ட்ஸ் அம்மாதான் எங்கள் பிரிவுக்குத் தலைவி. நம்மூரில் தலைவர் செய்த தப்பு அவருக்குக் கீழே இருப்பவர் பெயரில்தான் எழுதப்படும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாரோ வேண்டாதவர்கள் எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, என் அரைகுறை ஜெர்மனில், “கவலைப்படாதீர்கள், சீக்கிரம் அழித்துவிடுவார்கள்” என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற தெளிநீரான சீரம் வெளியே இருந்தால் கெட்டுப்போகும் என்பதே எனக்குத் தெரியாது போலிருக்கிறது என்று முடிவு செய்து, அங்கேயே நிறுத்தி வைத்துப் பத்து நிமிடம் விளக்கினார். நானும் “யா, யா” என்று தலையாட்டினேன்.

எங்கள் வேலை என்னவென்று உறவினர்கள் கேட்டால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ரத்தப் பரிசோதனை மெஷினுக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. ஒரு திரவத்தைக் காட்டி ‘இது இரண்டு’ என்று நாம் சொன்னால் நம்பிக்கொள்ளும். பிறகு வருகிற ரத்தத்தையெல்லாம் அதை வைத்துத்தான் அளக்கும். நாம் தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் அது ஆயுசுக்கும் தப்பாகவே, ஆனால் மிகுந்த தன்னம்பிக்கையோடு சொல்லும். அந்த முதல் ‘இரண்டு’ உண்மையிலேயே இரண்டுதானா என்று பார்ப்பதே எங்கள் பிழைப்பு. ஒரு சின்னப் பாட்டில் சீரத்தை வாரக்கணக்கில் எடை போட்டு, வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்களில் அளந்து, கடைசியில் ஒரு எண்ணைத் தருவார்கள். கூடவே, அந்த எண் எவ்வளவு தூரம் தப்பாக இருக்கக்கூடும் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். சந்தேகத்தையும் அளந்து எழுதுகிற மனிதர்களை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒரே ஒருத்தியைத் தவிர.

அவள் பெயர் எஸ்தர். திருப்போரூரில் நான் இன்சார்ஜாக இருந்த லேபில் எனக்குக் கீழே டெக்னீஷியனாக இருந்தாள். நாங்கள் நிலம் வைத்திருந்த குடும்பம். அவளுடைய பெற்றோர் எங்கள் மாதிரி குடும்பங்களின் வயலில் கூலிக்கு வந்தவர்கள். வயலெல்லாம் மனைகளான பிறகு நாங்கள் இருவரும் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அடுத்தடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தோம். ஆனாலும் இன்சார்ஜ் நாற்காலி எனக்குத்தான் வந்தது. வந்ததற்கு என் திறமைதான் காரணம் என்று அப்போது முழுமனதாக நம்பினேன்.

மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு சோதனைக் குப்பி வரும். அதில் என்ன அளவு இருக்கிறது என்று நாங்கள் அளந்து அனுப்பினால், எங்கள் லேபின் தரத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். பரீட்சைதான். பரீட்சை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? சுற்றுவட்டார லேப்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருந்தோம். குப்பி வந்த அன்று, ‘கிரியாட்டினின் உனக்கு எவ்வளவு? எனக்கு இவ்வளவு’ என்று செய்திகள் பறக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு எண்ணை முடிவு செய்து அதையே அனுப்புவோம். யாரும் இதைக் காப்பியடிப்பது என்று நினைக்கவில்லை. ஒற்றுமை என்று நினைத்தோம்.

அந்த மாதம், கிரியாட்டினினை அளக்க ரத்தத்தோடு கலக்கிற மருந்தில் புது பேட்ச் வந்திருந்தது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற அளவு. எஸ்தருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பழைய நோயாளிகளின் மிச்ச சீரத்தை ஃப்ரீசரில் வைத்திருந்து, புது மருந்து வந்தால் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்ப்பாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணா, புதுசுல எல்லாமே ஏத்தமா வருது. அதே ரத்தம், பழசுல கரெக்டா கீது. குப்பியும் பழசுலதான் ஓட்டினேன். அத அனுப்பலாம்.”

“குரூப்ல எல்லாருக்கும் ஏத்தமாத்தான் வந்திருக்கு எஸ்தர். இத்தினி பேரு தப்பா, நீ ஒருத்திதான் கரெக்டா?”

“எல்லாரும் ஒரே டீலர்கிட்டதாண்ணா வாங்கறோம்.”

நான் அவள் எண்ணை அடித்துவிட்டு குரூப் எண்ணை அனுப்பினேன். மதிப்பெண் ‘மிக நன்று’ என்று வந்தது. அதே மருந்து வாங்கினவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுவார்கள். சேர்ந்து தவறினால் சேர்ந்து பாஸ். அந்தத் தாளை எஸ்தரின் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். அந்த அற்பத்தனத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

இரண்டு வாரம் கழித்து மறைமலைநகர் கம்பெனி ஒன்றிலிருந்து, நிரந்தரம் ஆகப்போகிற ஆட்களின் மெடிக்கல் எங்களிடம் வந்தது. அதில் செல்வம் என்ற ஒரு வெல்டருக்கு கிரியாட்டினின் கூட. கிட்னியில் கோளாறு என்று கம்பெனி அவரை நிறுத்தி வைத்துவிட்டது. ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “ஏழு வருசமா டெம்பரரி சார். இந்த வாட்டி வுட்டா அவ்ளோதான்” என்றார். நான் புது மருந்திலேயே மறுபடி ஓட்டினேன். அதே எண். நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

எஸ்தர் மிச்சமிருந்த பழைய மருந்தில் அவருடைய ரத்தத்தை ஓட்டினாள். சரியான அளவு வந்தது. இரண்டு பிரிண்ட் அவுட்டையும் சேர்த்துப் பின் அடித்து, ‘எங்கள் லேபின் முடிவு தவறு, வேறு இடத்தில் பாருங்கள்’ என்று ஒரு கடிதம் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். மறுநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், கம்பெனி அதிகாரியைப் பார்க்கும்வரை கேட்டிலேயே நின்று கொடுத்துவிட்டு வந்தாள். செல்வத்துக்கு வேறு லேபில் பார்த்தார்கள், நார்மல். அவர் நிரந்தரமானார். கம்பெனி எங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. லேப் ஓனர் எஸ்தரை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து அறையில் பிப்பெட் முனைகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றைத்தான்.

அடுத்த வருடம் இந்த வேலைக்கு வீடியோவில் நேர்முகம். லோரென்ட்ஸ் அம்மா கேட்டார்: “உங்கள் கூடத்தின் முடிவு தவறு என்று நீங்கள் கண்டுபிடித்த சந்தர்ப்பம் உண்டா? என்ன செய்தீர்கள்?” நான் கதையைச் சொன்னேன். ஃப்ரீசர், பழைய மருந்து, செல்வம், கடிதம், கேட் எல்லாம் உள்ளபடி. எஸ்தர் வரவேண்டிய இடங்களில் மட்டும் ‘நான்’ என்று சொன்னேன். அந்தக் கதையால்தான் விசா வந்தது.

இங்கே பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் லோரென்ட்ஸ் அம்மா என்னை அறிமுகப்படுத்தும்போது அந்தக் கடிதத்தைச் சொல்லுவார். முதல்முறை கூச்சமாக இருந்தது. நாலு வருடத்தில் எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இந்தக் கோடையில், ஒரு கென்யப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்று மதியம் லோரென்ட்ஸ் அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போகும், பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துத்தான் போனேன்.

அவர் “அவளுக்கு இது தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

“அப்படியானால் நீங்கள் தவறான ஆளிடம் முதலில் வந்திருக்கிறீர்கள்.”

நிர்வாகத்துக்கு எழுதாமல் விடத் தன்னால் முடியாது என்றார், எழுதினார். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அவரோ அடுத்த நாள் வழக்கம்போல ‘மோர்கன்’ என்று காலை வணக்கம் சொன்னார். மன்னித்துவிட்டாரா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ஒரு மேலதிகாரியை இப்படி மனசார மதிக்க முடியும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

லீவில் ஊருக்கு வந்ததும் கோவளம் போனேன். எஸ்தர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டே அறையில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறாள். வாசலில் மீன் விற்கிற பெண்கள், பள்ளிவாசல் தெருப் பெரியவர்கள், மாதா கோயில் தெருப் பையன்கள் என்று வரிசை. ஒருவருக்கும் நோய் இல்லை. அதனால்தான் கூப்பிட்டிருந்தாளாம். மருந்துப் பெட்டியில் அச்சடித்து வருகிற நார்மல் அளவு எந்த ஊர்க்காரர்களைப் பார்த்து எழுதியதோ. வலை இழுக்கிற உடம்புக்கு கிரியாட்டினின் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு ஆரோக்கியமான ஆட்கள் பயந்து சாகிறார்கள் என்றாள். அதனால் இந்தக் கரையில் வாழ்கிற நல்ல உடம்புக்காரர்களாகப் பார்த்து, நூற்றுச் சொச்சம் பேரின் ரத்தத்தை அளந்து, இந்த ஊருக்கென்று ஒரு அளவு கண்டுபிடிக்கப்போகிறாள். எங்கள் நிறுவனத்தில் ஒரு பிரிவே செய்கிற வேலை அது. எனக்கு மெய் சிலிர்த்தது.

கூட்டம் போனபின், நேர்முகத்தில் நான் செய்ததையும் லோரென்ட்ஸ் அம்மாவிடம் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அவள் குழாய்களில் லேபிள் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

“அப்ப நான் ஜெர்மனிக்குப் போயி நாலு வருசமாவுது. ஒருத்தரும் சொல்லவே இல்ல பாரு” என்றாள்.

“கோவமா எஸ்தர்?”

“வந்துகினுதான் கீது. வேல முடியட்டும், அப்பறம் கோவப்படறேன்.” இன்னும் இரண்டு லேபிள் ஒட்டினாள். “அந்த அம்மாகிட்ட இன்னான்னு சொன்ன? எம் பேரச் சொன்னியா?”

“சொன்னேன். ரெண்டு வாட்டி எழுதி வாங்கிக்கிட்டாங்க.”

அவள் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குப் பிடிபடவில்லை. குழாய்களை எண்ணிப் பார்த்து, “இன்னும் ஒரு ஆளு கொறையுது” என்றாள். நான் சட்டைக் கையை மடித்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளுக்குத் தர என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. அவள் படிவத்தை எடுத்தாள். சுகர், பிரஷர், மாத்திரை எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

“எவ்ளோ வருசமா இந்தப் பக்கம் கீற?”

“தெரியாதா உனக்கு? பொறந்து வளந்தது திருப்போரூர்.”

“பொறந்தத கேக்கல. இருக்கறத கேக்கறேன்.”

அவள் படிவத்தை மூடினாள். “நீ சேர மாட்டண்ணா. நாலு வருசம் அந்த ஊரு சாப்பாடு, அந்த ஊரு குளிரு. உன்ன சேத்தா மத்தவங்க அளவு கெடும்” என்றாள். அவள் சொன்னது சரி. போன வருடம் எங்கள் நிறுவனம் இதே மாதிரி ரத்தம் சேர்த்தபோதும் நான் கையை நீட்டினேன். வந்து ஐந்து வருடம் ஆகவில்லை என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

“நீட்டின கைய சும்மா அனுப்ப மாட்டேன், காட்டு” என்று சொல்லி, வலிக்காமல் ரத்தம் எடுத்தாள். லேபிளில் என் பெயரை எழுதினாள். கோவளத்துக் குழாய்களெல்லாம் ஒரு ஸ்டாண்டில் நிறைந்து நின்றன, ஒரே ஒரு துளை காலியாக. அவள் என் குழாயை அதில் செருகவில்லை. பக்கத்தில் இருந்த வெறும் ஸ்டாண்டை இழுத்து, அதில் தனியாக நிறுத்திவைத்தாள்.