தாழிக்காடு என்று நான் சொன்ன மனை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு விளையாட்டு நடக்கும். ஒருவர் செயற்கைக்கோள் படத்தில் ஒரு துண்டை வெட்டிப் போடுவார். ஊர்ப்பெயர் இருக்காது. அங்கே பழங்காலத்துத் தடயம் உண்டா, உண்டென்றால் என்ன என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். நாங்கள் ஏழு பேர். ஒருவர்கூடத் தொல்லியல் படித்ததில்லை. நான் ராமநாதபுரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். யாரும் போய்த் தோண்டிப் பார்க்கப் போவதில்லை என்பதால், அடித்துச் சொன்னவர் சொன்னதே சரி. அடித்துச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஒரு ஞாயிறு, குழுவில் இருந்த வாத்தியார் போட்ட படத்தில் வெளிறிய மண்ணில் கறுத்த வட்டங்கள் வரிசையாக இருந்தன. “தாழிக்காடு. அந்தக் காலத்தில் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம்” என்று எழுதினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு வாத்தியார் இடத்தைச் சொன்னார். திருப்புல்லாணிக்குத் தெற்கே. பெரிதாக்கிப் பார்த்தேன். கண்மாய், பக்கத்தில் வண்டிப்பாதை, ஒற்றை வேம்பு. என் தங்கை வீட்டுக்காரர் வாங்கிப் போட்டிருந்த மனை அது.

புத்தியுள்ளவன் அத்தோடு வாயை மூடியிருப்பான். நான் படத்தை மஸ்கட்டில் இருந்த மாப்பிள்ளைக்கு அனுப்பி, “உங்க மனைக்கு அடியில ரெண்டாயிரம் வருசத்துத் தாழி கெடக்கு மாப்பிள்ளை” என்று பெருமை வேறு பேசினேன். வேலையை விட்டுவிட்டு ஆவணியில் வந்து அங்கே வீடு கட்ட இருந்தார் அவர். தங்கையும் மகளும் ஒன்பது வருடமாக அவருடைய அண்ணன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தார்கள்.

உடனே போன் வந்தது. “செத்தவுக மேல அடுப்பு வைக்கச் சொல்றீகளா மச்சான்?”

பழமையின் மதிப்பைப் பற்றிக் கால்மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்துத் தங்கை கடைக்கு வந்தாள். அந்த மனை வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம் என்று நான் அனுப்பிய படத்தைக் காரணம் காட்டி முந்தின நாள்தான் அவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். “அது என்ன படம்ணே, காட்டு” என்றாள். காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இது கெடை போட்ட தடம்ல? வீடு கட்டுற வரைக்கும் சும்மா கெடப்பானேன்னு மொளகா போட்டேன். அதுக்கு முன்னால ஆட்டுக்காரவுககிட்டச் சொல்லி ஆறு ராத்திரி ஆடு அடைச்சேன்.”

ராத்திரிக்கு ஓரிடமாகப் பட்டியை நகர்த்திப் போடுவார்கள். புழுக்கை விழுந்த இடமெல்லாம் வட்டமாகக் கறுத்துக் கிடக்கும். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், தரையில் நின்று பார்த்திருந்தால். ஆட்டுப் புழுக்கையைப் பார்த்து ஆதி மனிதன் என்றிருக்கிறேன்.

“உடனே அவருக்குச் சொல்லும்மா” என்றேன்.

“இனிமே சொல்லி என்னண்ணே ஆகப்போவுது? வேற மனை வாங்கக் காசு வேணும்னு, அவரு போன வாரமே அங்கன இன்னும் ரெண்டு வருசம் வேலை பாக்கக் கையெழுத்துப் போட்டுட்டாராம்.”

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு என்றேன். அவள் திட்டவில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“ரெண்டு வருசத்துக்குள்ள பிள்ளை பெரிய மனுசி ஆயிருவாண்ணே. அந்த வீட்டுல அவளை எங்கன உக்கார வைப்பேன்?”