கை மூடிய சட்டை

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் இரண்டு வயதுப் பிள்ளையின் சட்டை ஒன்று கிடக்கிறது. அம்மாவின் பழைய நூல்சேலையில் தைத்தது. இரண்டு கைகளின் நுனியும் பை மாதிரி மூடியிருக்கும். தம்பி சொறிந்து சொறிந்து உடம்பைப் புண்ணாக்கிக்கொள்ளக் கூடாதென்று அம்மா தைத்துப் போட்டது. எழுபதுகளில், மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில், கரப்பான் பிள்ளை என்றால் அவன்தான். கன்னம், காதோரம், முழங்கை மடிப்பு எல்லாம் வெடித்து நீர் வடியும். அவனுக்கும் தூக்கமில்லை, எங்களுக்கும் இல்லை.

குப்பத்தில் வைத்தியத்துக்கா பஞ்சம்? கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது என்று ஆளுக்கொன்றைச் சொல்லி, கடைசியில் பிள்ளைக்கு வெறும் கஞ்சிதான் மிஞ்சியது. எலும்பும் தோலுமாகிப் போனான். நைனா ஒருபடி மேலே போய், மாசி மகத்தன்று அவனைக் கடலில் மூன்று முழுக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டார். உப்புத் தண்ணீர் பட்டால் எந்தப் புண்ணும் ஓடிவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டாள். அக்காக்காரி நானும் கூடப் போனேன். இது அம்மையும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது என்றார் டாக்டரம்மா. "சோப்பு போடாதம்மா. குளிப்பாட்டின ஈரம் காயறதுக்குள்ள களிம்பு தடவிடு. வயித்துக்கு நல்லா குடு. புண்ணு ஆறற வரைக்கும் கடல் தண்ணி மட்டும் வேணாம், புள்ள எரிச்சல்ல துடிச்சிடுவான்."

அன்றிலிருந்து அம்மா பிடித்தது உடும்புப் பிடி. மீன் விற்றுவிட்டு வந்தால் கையைத் தேய்த்துக் கழுவாமல் அவனைத் தொடமாட்டாள். சிவந்த இடத்துக்கு மட்டும் ஒரு களிம்பு, மெல்லிசாக. உடம்பு முழுக்க வெள்ளைக் களிம்பு, தாராளமாக. அரிப்பு கூடினால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் வேட்டித்துணியை நனைத்துச் சுற்றுவாள். கன்னம் மெல்ல ஆறியது. முழங்கை ஆறுவதற்குள் மாசி மகம் வந்துவிட்டது.

சாமிகள் கரைக்கு வந்தாயிற்று. "வேண்டிக்கினத வுட்டா குடும்பத்துக்கு ஆவாது. புள்ளைய இப்டி குடு" என்று நைனா கையை நீட்டினார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் பக்கம். அம்மா தம்பியின் சட்டையைக் கழற்றிக்கொண்டு அவனை என் இடுப்பில் வைத்தாள். சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி, கட்டிய சேலையோடு கடலில் இறங்கி முழுகினாள். மூன்று முழுக்கும் அவளே போட்டாள். சொட்டச் சொட்டக் கரையேறி, "பெத்தவ முழுகிட்டேன், அவன் சட்டையும் முழுகிடுச்சி. சாமிக்கு இது பத்தாதுன்னா என்னாண்ட வந்து கேக்கட்டும்" என்றாள். நைனா நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

உப்பேறிய அந்தச் சட்டையை அவள் மறுபடி அவனுக்குப் போடவில்லை, வேறொன்று தைத்தாள். கரப்பானும் லேசில் போகவில்லை, பனிக்காலமானால் எட்டிப் பார்க்கும். அவளும் விடவில்லை. தம்பி இன்று பேரன் எடுத்துவிட்டான். சென்ற வாரம் அவன் மனைவி பெட்டியை ஒழித்தபோது சட்டையைக் கையிலெடுத்து, "இன்னா அண்ணி, வெறப்பா கீது. அலசிப் போடட்டா?" என்று கேட்டாள். வேண்டாமென்று வாங்கி மறுபடி அடியில் வைத்தேன். தம்பி மேல் படவிடாமல் அம்மா தன் மேல் வாங்கிக்கொண்ட உப்பு அது.