முதலில் கிளம்பிய பை

போன சனிக்கிழமை பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். அதாவது... எங்கள் பை கிளம்பியது. நாங்கள் கிளம்பவில்லை.

புரியவில்லையா? அன்று மதியம் வரைக்கும் எனக்கும் புரியவில்லை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி வத்சலா பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சராக இருந்து ரிட்டயரானவள். வருடா வருடம் ஆறாம் வகுப்புக்குப் பறவைகள் பாடம் நடத்துவாள். போர்டில் கலர் சாக்பீஸால் பூநாரை வரைவாள் — குச்சிக் கால், வளைந்த கழுத்து, ரோஸ் நிற இறக்கை. கூட்டமாகச் சேற்றில் நிற்கும், தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரைச் சலித்துச் சாப்பிடும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். ரிட்டயரான அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் போட்ட சந்தன மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இத்தனை வருஷம் வரைஞ்சாச்சு. ஒரு தடவை நிஜத்துல பாத்துடணும்."

பெரிய ஆசையா இது? வைரத்தோடு கேட்டாளா? ஐரோப்பா கேட்டாளா? மயிலாப்பூரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் பழவேற்காடு ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். விடியற்காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

அவள் அப்படிச் சொல்லி ஏழு வருடம் ஆகிறது, இன்னும் போகவில்லை. ஏனென்றால், நாங்கள் சும்மா போகிறவர்கள் இல்லை. திட்டமிட்டுப் போகிறவர்கள்.

எங்கள் குடும்பத்தில் திட்டம் என்றால் அத்திம்பேர்தான். என் அக்காவின் கணவர். தி.நகர்வாசி. அரசாங்க உத்தியோகத்தில் மேலதிகாரிகளுக்கு டூர் புரோகிராம் போட்டுக் கொடுத்தே ரிட்டயரானவர். அவர் எந்த ஊருக்கும் போனதாகத் தெரியவில்லை. ஆனால் எல்லா ஊருக்கும் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்லுவார்.

முதல் வருடம், மழை வரலாம் என்றார். வரவில்லை, மழையும், நாங்களும். அடுத்த வருடம் வடக்கே ரோடு சரியில்லை, டிபனுக்கு நல்ல ஓட்டல் கிடையாது, அதனால் ஈ.சி.ஆர். வழியாகப் போகலாம் என்று முடிவாயிற்று. பழவேற்காடு இருப்பது வடக்கே, ஈ.சி.ஆர். போவது தெற்கே என்று நான் நினைவுபடுத்தினேன். "டிபன் முக்கியமா, திசை முக்கியமா?" என்றார். கொட்டிவாக்கத்தில் ஒரு ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டோம். நெய் கொஞ்சம் தாராளம். எல்லோருக்கும் தூக்கம் வந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அப்புறம் ஊரடங்கு. அந்த ஒரு வருடம் மட்டும்தான் எங்களிடம் உருப்படியான காரணம் இருந்தது.

மற்ற வருடங்களை விட்டுவிடுகிறேன். எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் விஷயம் வேறு. எங்கள் பெண்ணுக்குப் பிரசவம், அமெரிக்காவில். வத்சலாவுக்குப் புதன்கிழமை ஃப்ளைட். ஆறு மாதம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு வருடமாகலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முட்டிவலி வேறு. டாக்டர் ஆபரேஷன் என்கிறார்.

"இந்த சனிக்கிழமை விட்டா அவ்வளவுதான்னு வெச்சுக்கோங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

உடனே அத்திம்பேருக்கு போன் போட்டேன். அங்கேதான் என் புத்தி கெட்டது!

அவர் நாலு பக்கத்துக்கு டூர் புரோகிராம் அனுப்பினார். காலை 5.30 மயிலாப்பூரில் புறப்பாடு. 8.00 பழவேற்காடு. 8.00 முதல் 8.10 வரை 'இயற்கையை ரசித்தல்'. 8.10 டிபன். டிபனுக்கு முக்கால் மணி நேரம். கார் அவருடையது, ஓட்டுவதும் அவரே.

சனிக்கிழமை ஐந்து மணிக்கே வத்சலா தயாராகிவிட்டாள். புதுக் கான்வாஸ் ஷூ. கழுத்தில் பைனாகுலர், பெண் போன வருடம் அனுப்பியது. பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தி.நகரிலிருந்து மயிலாப்பூருக்குக் கார் வந்து சேரும்போது மணி ஏழே கால்.

வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் கிளம்ப முடியுமா? கொடுத்தோம். அக்கா, புளியோதரையில் கடலை கம்மியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். கடலை வறுத்தோம். அத்திம்பேருக்கு வயிறு ஒத்துழைக்க இருபது நிமிடம். எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் எட்டு ஐம்பது.

"ஒன்பதுக்கு ராகு காலம் ஆரம்பிக்கறதே!" என்றாள் அக்கா.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். லிஃப்ட் வேறு மேலே வருவதாக இல்லை. வத்சலா ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

"கவலைப்படாதேள்! பரஸ்தானம் பண்ணிடலாம்" என்றார் அத்திம்பேர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், நம் சாமானில் ஒன்றை நல்ல நேரத்திலேயே இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் நாம் சாவகாசமாக எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். கடவுளையும் கிரகத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்க நம் முன்னோர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. இதற்குப் பெயர் பரஸ்தானம்.

அத்திம்பேர் தன் தோள்பையை எடுத்துக்கொண்டு எதிர் ஃபிளாட்டுக்கு ஓடினார். எதிர் ஃபிளாட் மாமா வாசலில் பட்டு வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "பேஷா வைக்கறேன்" என்று பையை வாங்கிக்கொண்டார். எட்டு ஐம்பத்தைந்து. வெற்றி! அத்திம்பேர் திரும்பி வந்து சோபாவில் சாய்ந்து, இன்னொரு காபி கேட்டார்.

பத்து முப்பத்தைந்துக்குப் பையை வாங்கப் போனோம். எதிர் ஃபிளாட்டில் பூட்டு தொங்கியது.

மாமா ஏன் பட்டு வேட்டியில் நின்றார் என்று எங்களில் ஒருவருமே யோசிக்கவில்லை. அவருடைய சொந்தக்காரர் வீட்டில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. அவரும் ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டியவர்தானே! எங்கள் பையை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு, எட்டு ஐம்பத்தெட்டுக்கு ஓடியிருக்கிறார்.

"போனாப் போறது, பைதானே?" என்றேன்.

அத்திம்பேர் சட்டைப் பையைத் தடவினார். அப்புறம் பேண்ட் பாக்கெட்டை.

"கார் சாவி அந்தப் பைலன்னா இருக்கு..."

"ஸ்பேர் சாவி?"

"ஆத்துல. பீரோக்குள்ள."

"பீரோ சாவி?"

"அதே கொத்துலதான்."

மாமாவுக்கு போன் செய்தோம். நாதஸ்வரம் மட்டும் பதில் சொன்னது. ஏழாவது தடவை எடுத்தார். "பந்தி பன்னண்டரைக்குத்தான். சாப்ட்டுட்டு வந்துடறேன்" என்றார். நியாயம்தானே, சாப்பிடாமல் எப்படி வருவார்?

டாக்சி கூப்பிடலாம் என்றேன். அத்திம்பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பரஸ்தானம் பண்ணின சாமானை விட்டுட்டுப் போகப்படாது. பிரயாணமே செல்லாது." கேட்காமல் நான் போனில் டாக்சி ஆப்பைத் திறந்தேன். இரண்டு டிரைவர்கள் பழவேற்காடு என்று கேட்டதும் கேன்சல் செய்தார்கள். மூன்றாமவர் நேர்மையானவர். "சார், இப்ப கிளம்பினா உச்சி வெயில்ல போய் நிப்பீங்க. எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டுக் கேன்சல் செய்தார்.

"அப்போ அடுத்த சனிக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார் அத்திம்பேர். சொன்ன பிறகுதான் அவருக்குப் புதன்கிழமை நினைவு வந்தது. "சரி, அடுத்த சீசன்" என்று திருத்திக்கொண்டார்.

வத்சலா பைனாகுலரைக் கழற்றி டைனிங் டேபிளில் வைத்தாள். பிறகு சமையலறைக்குள் போய்ப் புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்து நாலு தட்டு எடுத்து வைத்தாள். திட்டவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. முப்பத்தைந்து வருடத்தில் என்னிடம் இவள் கேட்டது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் நான் அத்திம்பேரிடம் கொடுத்து பேப்பரில் கட்டம் போட வைத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தனம்தான் பேச்சை ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் நாலு வருடமாக வேலை செய்கிறாள். முன்பு சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில் குடியிருந்தவள். அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது தினம் இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

"இன்னாமா, எங்கியும் போலியா? காலைலேந்து ஷூ போட்டுகினு நிக்கிற?"

"ஒண்ணுமில்ல தனம். ஒரு பறவை பாக்கலாம்னு."

"இன்னா பறவ?"

வத்சலா போனில் படத்தைக் காட்டினாள். தனம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அய்ய, இதுவா? இத்தப் பாக்கவா இம்மாம் கூத்து? எங்க ரோட்ல நிக்கிதுமா! வேளச்சேரி தாண்டுனா பள்ளிக்கரணைல, அந்தப் பெருங்குடி குப்பமேடு கீதுல்ல, அத்த ஒட்டி தண்ணில. தெனம் பஸ்ல வரசொல்லோ பாத்துகினுதான் வரேன். ரெண்டு மாசமா கீது."

அத்திம்பேர் சிரித்துவிட்டார். "குப்பைமேட்டுல பூநாரையா? அது ஏதாவது கொக்கா இருக்கும். சாயத் தண்ணில நின்னுருக்கும்."

"கொக்கு எனக்குத் தெரியாதா சார்? கழுத்த இப்டி மடக்கி, தலய தலகீழா போட்டு துன்னுது சார்" என்று தனம் குனிந்து காட்டினாள்.

முப்பது வருடம் வத்சலா வகுப்பில் குனிந்து காட்டியது அதேதான். அவள் தனத்தின் முகத்தையே பார்த்தாள்.

"நீ எப்போ கிளம்பற?"

"இந்தா, வேல முடிஞ்சிச்சு."

"நானும் வரேன்."

அவ்வளவுதான். பைனாகுலரை எடுத்தாள். கூடை இல்லை, பிளாஸ்க் இல்லை. "சாப்ட்டுட்டாவது போயேன்டி!" என்று அக்கா கத்துவதற்குள் இரண்டு பேரும் படியில் இறங்கிவிட்டார்கள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. "குப்பைமேட்டுக்குப் புரோகிராம் இல்லாம போறாளே... நீயாவது சொல்லக்கூடாதா?" என்றார் அத்திம்பேர். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அவர்கள் இரண்டு பேரும் ராணி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன். வேளச்சேரியில் இன்னொரு பஸ். மயிலாப்பூரில் ஏறி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். தனம் கண்டக்டரிடம் விசில் கொடுக்கச் சொல்லி எங்களை ஒரு ஸ்டாப்பிங்கில் இறக்கினாள்.

முதலில் வந்தது நாற்றம். பிறகு லாரி, தூசி, ஹாரன். தூரத்தில் குப்பை மலை மாதிரி குவிந்திருந்தது. அதற்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் கலங்கலாகத் தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் நின்றன. பத்து இருபது இல்லை... எண்ண முடியவில்லை. ரோஸும் வெள்ளையுமாக, தலையைக் கவிழ்த்து, தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கேயோ ஒரு ஹாரன் பெரிதாக அடிக்க, ஒரு கூட்டம் எழும்பியது. இறக்கைக்கு அடியில் அப்படி ஒரு சிவப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வத்சலா பைனாகுலரைத் தூக்கவே இல்லை. இரண்டு கையாலும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சிவப்பு கம்மியாதான் போட்டிருக்கேன்" என்றாள். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்; அதைக் குப்பை நாற்றத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

தனம் எங்களை விசித்திரமாகப் பார்த்தாள். "எங்கள லாரில ஏத்திகினு வந்து இங்க வுட்டாங்க. அதுங்க தானா வந்து நிக்கிதுங்க. அதுங்களுக்கு இன்னா தலையெழுத்தோ!" என்றாள். ஊரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் வைத்தவர்களைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை.

இந்த ரோட்டில் நான் நூறு தடவையாவது போயிருப்பேன். நண்பன் வீடு இந்தப் பக்கம்தான். ஒவ்வொரு தடவையும் வேளச்சேரி தாண்டியதும் டாக்சியின் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைக் கூட்டச் சொல்லி, போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். நமக்கு இயற்கை என்றால் டோல்கேட் தாண்டி இருக்க வேண்டும். விடியற்காலை அலாரம் வைக்க வேண்டும். கூடையில் புளியோதரை இருக்க வேண்டும். வீட்டுப் பக்கத்தில், நாற்றத்துக்கு நடுவில் நின்றால் அது இயற்கை இல்லை, குப்பைமேடு. பறவைகளுக்கு இந்த விவரம் போதாது, பாவம்.

முக்கால் மணி நேரம் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. தனம் அடுத்த பஸ்ஸில் ஏறிக் கையாட்டிவிட்டுப் போனாள். போனில் அத்திம்பேர் இரண்டு தடவை கூப்பிட்டார். மாமா வந்துவிட்டார், சாவி கிடைத்துவிட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்று மெசேஜ்.

திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குத் தாராள மனசு வந்தது. குற்றவாளிகளுக்கு அப்படித்தான் வரும். "நீ திரும்பி வந்ததும் பிச்சாவரம் போகலாம், வத்சு. படகு, காடு, எல்லாம் இருக்கு. இப்பவே யோசிச்சு வெச்சுடறேன்" என்றேன்.

அவள் பைனாகுலர் லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"வேண்டாம். இனிமே எங்கயாவது போகணும்னா உங்ககிட்ட சொல்லப்போறதில்லை" என்றாள். "போயிட்டு வந்து சொல்றேன்."