ஒன்பது பல்லுக்கு ஏழு கிளிக்

அவளை எல்லோரும் ஊசிக்காரி என்றுதான் சொல்வார்கள். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, வெயில் ஏறுமுன் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. போக்குவரத்தெல்லாம் சைக்கிளில்தான். அவள் ஊசி வலிக்காது, வாய்தான் வலிக்கும் என்று ஊரில் பேச்சு.

வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணனின் சைக்கிள் கடை. மாடியில் அண்ணன், அண்ணி, படுத்த படுக்கையான அப்பா, இவள். அண்ணனுக்கும் இவளுக்கும் ஏழாம் பொருத்தம். அப்பாவைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் இவள் தலையில்தான் விழுந்திருந்தது. மேட்டுப் பகுதி வீடுகளையும் அவளே பார்க்க வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தில் சொன்னபோது, அப்பாவை யார் கவனிப்பது என்று அண்ணன் குதித்தான். நீயே கவனி என்று சொல்லிவிட்டு அவள் வேலையை ஒப்புக்கொண்டாள்.

மேட்டில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பழைய ஏழு கியரில் ஏற முடியவில்லை. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் வேண்டும் என்று மனமில்லாமல் அண்ணனிடமே கேட்டாள். அவன் மறுக்கவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒன்பது பல்சக்கரம் கொண்ட அடுக்கையும் புதுச் சங்கிலியையும் மாட்டிக் கொடுத்தான். கைப்பிடியில் மட்டும் கியர் மாற்றும் அதே பழைய ஏழு கிளிக் லீவர். இது ஒத்துப்போகுமா என்று கேட்டாள். ஓட்ட ஓட்டச் சரியாகும் என்றான்.

ஆகவில்லை. ஒரு கிளிக் தட்டினால் சங்கிலி ஒரு பல்சக்கரத்தைத் தாண்டிக் குதித்தது. இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் நின்று கரகரத்தது. கேபிளை முறுக்கிப் பார்த்தாள். ஒரு முனையில் சரியானால் மறுமுனையில் கெட்டது. போய்ச் சொன்னதற்கு, கியர் மாற்றத் தெரியாதவளுக்கு எதைப் போட்டாலும் இப்படித்தான் என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்தான்.

ஒருநாள் செங்குத்தான இடத்தில் கடைசிப் பெரிய பல்லுக்கு மாற்றினாள். சங்கிலியைத் தாங்கும் கியர்க் கை விறைத்து நீண்டு, பிய்ந்து, சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கியது. விழுந்ததில் முழங்கால் கிழிந்தது. பெட்டியில் ரத்தம் பிடித்து வைத்திருந்த கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கின. பட்டினி கிடந்து ரத்தம் கொடுத்த ஒரு கிழவரை மறுபடி குத்த வேண்டியதாயிற்று. கூடத்தில் வசவு கிடைத்தது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஒம்பது பல்லுக்கு ஒம்பது கிளிக் லீவர் வேணும்மா. இவ்ளோ பெரிய பல்லுக்கு இந்தக் குட்டைக் கை எட்டாது. இப்படி மாட்டிக் குடுத்தது யாரு? தொழில் தெரிஞ்சவன் செய்யமாட்டானே."

அங்கேயே இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு நடந்தாள். அண்ணன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"இது சேராதுன்னு உனக்குத் தெரியுமா?"

பம்பை நிறுத்தினான். "தெரியும்."

"தெரிஞ்சேதான் மாட்டினியா?"

"மேடு ஏற முடியாம நீயா வேலைய விட்டுடுவேன்னு பாத்தேன். அப்பாவ யாரு பாக்குறது? நீ விழுவேன்னு நெனைக்கல."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பாள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"நான் மேட்டுலயே ரூம் பாத்துக்கறேன். இனிமே அப்பா உன் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். உன்ன இல்ல, அப்பாவ."

மாடிப்படியில் நின்ற அண்ணி, தான் மாமனாரைத் தொடப்போவதில்லை என்று இப்போதே சொல்லிவைத்தாள்.

புது லீவர் வெண்ணெயாக வேலை செய்தது. அண்ணன் மாட்டிய அடுக்கை அவள் கழற்றவில்லை. பல்லின்மேல் என்ன குற்றம்? அவள் மேட்டில் குடியேறியபின், அண்ணனின் கடை தினமும் தாமதமாகத் திறந்தது.

ஞாயிறுகளில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் சங்கிலி தேய்ப்பதுபோல முதுகைத் தேய்க்கிறான், தண்ணீரும் பச்சைத் தண்ணீர் என்று முனகுவார்.  ஆனாலும் அவள் திரும்பி வரவில்லை. ஒரு ஞாயிறு இறங்கிப் போகும்போது கடை வாசலில் நின்றாள்.

"தண்ணிய சுட வையி."

அவன் ஒரு சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வாரம், தண்ணீர் கொதிக்கிறது என்று அப்பா புகார் சொன்னார்.